ஆறு புள்ளி நான்கு

“டாக்குமென்ட்ல இல்ல. அவ்ளோதான். அப்படியே எழுதிக்கோங்க காந்தி,” என்கிறார் ரிஷிகேஷ், மளிகைச் சாமான் சொல்வதுபோல. என் விரல்கள் லேப்டாப் மேல் நிற்கின்றன, அழுத்த மாட்டேன் என்கின்றன. இல்லையா? எது இல்லை? எங்கள் கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக நூற்று அறுபத்திரண்டு பக்கம் எழுதினேன். லைன்மேனின் பூட்ஸ் நனைந்தால் கம்பத்தில் எவ்வளவு வழுக்கும் என்பது அதில் இருக்கிறது, ஏணியில் நின்றபடி பத்து நொடி ஒன்றும் செய்யாமல் இருந்தால் அவன் ஒரு தும்மல் போட வேண்டும் என்பது இருக்கிறது, தும்மும்போது கையில் ஸ்பானர் இருந்தால் விழுமா விழாதா என்பதுகூட இருக்கிறது, விழாது. மின்னலைப் பற்றி மட்டும் இல்லையாம். என் பெயர் காந்திமதி. நாலு வருஷமாக அதைப் பாதியில் நறுக்கிக் காந்தி என்று கூப்பிடும் மனுஷன், பெயரையே முழுசாகப் படிக்காதவன், நூற்று அறுபத்திரண்டு பக்கத்தையும் படித்துப் பார்த்துவிட்டவன் மாதிரி இல்லை என்கிறான். மனசுக்குள் அவன், வாயில் அவர். என்னைவிட ஐந்து வயது சின்னவன், கிரியேட்டிவ் டைரக்டர் என்று கதவில் போர்டு. எதிரே ஃபைசல் உட்கார்ந்திருக்கிறான், புரோகிராம் எழுதுகிறவன், வெள்ளிக்கிழமை போட்ட அதே நீலச் சட்டை. மேஜையின் தலைமாட்டில் முதலாளி தாமோதரன் சார், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், போடுகிறார், மறுபடி கழற்றித் துடைக்கிறார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே அவினாசி ரோட்டில் பாலம் வேலை நடக்கிறது, உள்ளே சத்தமே வருவதில்லை, வாயை மூடிக்கொண்டு ஓடுகிற ஊர். மணி பதினொன்று பத்து. ஒரு மணிக்குள் ரிப்போர்ட் கல்லூரிக்குப் போக வேண்டும், வெள்ளிக்கிழமை இங்கே விழுந்த அந்தப் பெண்ணின் அப்பாவுக்கும் போக வேண்டும், அதை எழுத வேண்டியவள் நான். “நீங்கதான் நல்லா எழுதுவீங்களே” என்று காலையில் லிஃப்டில் ரிஷிகேஷ் சொன்னான். நாலு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு, அதையும் எதற்குப் பயன்படுத்துகிறான் பார்.

வெள்ளிக்கிழமை ஆறு மாணவர்கள் வந்திருந்தார்கள், ஒரு கல்லூரியிலிருந்து, எங்கள் விளையாட்டை ஆடிப் பார்க்க. புயலடிக்கிற நாளில் கரண்ட் போன ஊருக்குள் ஒரு லைன்மேன் கம்பம் கம்பமாக ஏறி ஒவ்வொரு தெருவுக்கும் வெளிச்சம் கொண்டுவருவதுதான் விளையாட்டு. அது என் யோசனை, அதைக்கூட யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை, சரி, விடு. அந்தப் பெண் பெயர் ஹெப்சிபா, பத்தொன்பது வயசு, பி.காம் இரண்டாம் வருஷம், தலையில் பச்சை கிளிப். நான் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன், ஆடுகிறவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள் என்று குறிப்பது என் வேலை. முதல் கம்பம், சிரிக்கிறாள். இரண்டாவது, நாக்கைக் கடிக்கிறாள், தோள் முன்னால் வருகிறது, நல்லது. மூன்றாவது கம்பத்தில் புயல் உச்சிக்கு வரும், வழி தெரியாது, மின்னல் வெட்டினால்தான் தெரியும். வெட்டியது. வெட்டியது. எனக்கே கண் கூசி முகத்தைத் திருப்பினேன், திருப்பிய அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, இது அதிகம், இது நான் எழுதியது இல்லை, நான் நொடிக்கு மூன்று என்றல்லவா எழுதினேன், என்று நினைத்து முடிப்பதற்குள் நாற்காலி பின்னால் போகிற சத்தம். நெற்றி மேஜை விளிம்பில் பட்டது. கை இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தன. ஓடி வந்த செக்யூரிட்டி கேட் சாவிக்கொத்தை எடுத்து அவள் கைக்குள் திணித்தார், “இரும்பு குடுங்க, இரும்பு குடுத்தா நின்னுடும்.” நான் கத்தினேன். நான் ஆபீசில் அப்படிக் கத்தியதே இல்லை. “சாவி வேண்டாம், எடுங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க.” ஒரு நிமிஷம் நாற்பது நொடி. எண்ணினேன், எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. பிறகு அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, “நான் தோத்துட்டேனா?” என்றாள்.

பொன்மலரும் கண்ணைத் திறந்ததும் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்பாள். என் தங்கை. திருச்செந்தூர் ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது, அவளுக்கு எட்டு வயசு, எனக்குப் பதினொன்று, சாயங்கால வெயில் சரிந்து வருகிற நேரம், ரோட்டோரம் வரிசையாகப் பனைமரம். மரம், வெயில், மரம், வெயில், பஸ் வேகமெடுக்க எடுக்க அது முகத்தில் படபடவென்று அடிக்கும், எனக்கு அது பிடிக்கும், கண்ணை மூடிக்கொண்டால் இமைக்குள் சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வரும், ஏட்டி கண்ண மூடிப் பாரு, நல்லாருக்கு என்று நான்தான் சொன்னேன். ஜன்னலோரம் அவளை உட்கார வைத்ததும் நான்தான். அவள் என் மடியில் சாய்ந்தாள், விளையாடுகிறாள் என்று நினைத்தேன், பல் நறநறவென்றது. அப்பா முன் சீட்டிலிருந்து தாவி வந்தார். கண்டக்டர் சாவி கொடுத்தார், ஒரு அம்மா வளையத்தோடு பீரோ சாவி கொடுத்தாள், இன்னொருத்தர் பையிலிருந்து அரிவாளையே எடுத்தார், பஸ் முழுக்க இரும்பு. “காத்து கருப்பு பட்டுருக்கும், பனங்காடுல்லா” என்று ஒரு குரல். அப்பா யாரையும் பார்க்காமல், “ஒண்ணுமில்ல, பிள்ளைக்குப் பசி மயக்கம்” என்றார். பசி மயக்கம் என்றே பத்து வருஷம் சொன்னார், உண்மை தெரிந்த பிறகும், சொந்தக்காரர்களிடம், பள்ளிக்கூடத்தில், சம்பந்தம் பேச வந்தவர்களிடம். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மாதான் கடைசியில் எங்களை உட்கார வைத்துப் பேசினாள். வெளிச்சம் விட்டு விட்டு வேகமாக அடித்தால் சில பேருடைய மூளைக்குத் தாங்காது, அவ்வளவுதான், பேயும் இல்லை, பசியும் இல்லை, ஜன்னலோரம் வேண்டாம், ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். அவ்வளவு சின்ன விஷயம். ஒரு கண்ணை மூடிக்கொள். அதைச் சொல்ல ஒருத்தர் வருவதற்கு மூன்று வருஷம் ஆனது, அதுவரை என் தங்கை என்ன பாவம் செய்தாள் என்று ஊரே யோசித்தது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றைக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எங்கேயோ இருந்தார்கள், எழுதி வைத்திருந்தார்கள், அது எங்கள் பஸ் வரைக்கும் வரவில்லை.

“எட்டு எங்கிருந்துங்க வந்துச்சு?” தாமோதரன் சார் ஃபைசலைக் கேட்கிறார். ஒரு நொடிக்கு எட்டு தடவை மின்னல் வெட்டுகிறது, அந்த எட்டு. ஃபைசல் தொண்டையைச் செருமுகிறான். “சார், டாக்ல ‘மின்னல் தீவிரமா இருக்கணும்’னு மட்டும்தான் இருந்துச்சு. நான் மொதல்ல மூணு வெச்சேன். ரிஷி சார் பாத்துட்டு பஞ்ச் இல்லன்னாங்க. அஞ்சு வெச்சேன். எட்டு வெச்சப்ப, இதான், இதான்னு சொன்னாங்க.” ரிஷிகேஷ் சிரிக்கிறார், வருத்தமாகச் சிரிப்பது ஒன்று இருக்கிறதே அது. “நம்பர்லாம் நான் பாக்கறதில்ல ஃபைசல். நான் பாக்கறது ஃபீல். லிமிட் இருந்தா டாக்ல இருந்திருக்கும், இல்லன்னா டெவலப்பர் கேட்டிருக்கணும். சார், நான் யாரையும் ப்ளேம் பண்ணல. ப்ராசஸ்ல ஒரு கேப். காந்தி, அப்படிப் போடுங்க, ‘டெவலப்பர் தன் அனுமானத்தில் எண்ணை வைத்தார்’.” தன் அனுமானத்தில். எவ்வளவு அழகாகச் செய்கிறான். ஃபைசல் மூன்று வைத்தான், அவனாகவே, யாரும் சொல்லாமல், அவன் கைக்குத் தெரிந்திருக்கிறது, அந்த மூன்றை எட்டாக்கியவன் அனுமானம் என்கிறான். ஃபைசலின் மனைவிக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. சனிக்கிழமை மாடிப்படியில் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு, பார்க்காத மாதிரி இறங்கிப் போனேன். ஏன் இறங்கிப் போனேன்? டாக்குமென்டில் இருக்கிறது தம்பி, நான் எழுதினேன், உன்மேல் தப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லியிருக்கலாம். பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். பார்த்தேனா? இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளாக அதைத் திறக்கவே இல்லை.

இந்த வேலை என்னவென்று அம்மாவுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு. விளையாட்டுக்கு எதுக்குட்டி புத்தகம், விளையாட வேண்டியதுதானே என்பாள். அம்மா, கல்யாணத்துக்குப் பந்தல்காரன், சமையல்காரன், மேளக்காரன் எல்லாருக்கும் எது எப்போது என்று ஒருத்தர் எழுதிக் கொடுக்கிறார்கள் இல்லையா, அது மாதிரி. படம் வரைகிறவன், இசை போடுகிறவன், புரோகிராம் எழுதுகிறவன் மூன்று பேரும் ஒரே விளையாட்டைச் செய்கிறார்கள் என்பதை உறுதிப்படுத்துகிற காகிதம். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் “அப்படிச் செய்யாவிட்டால்?” என்று ஒரு கேள்வி நிற்கும். ஆடுகிறவன் ஏறாவிட்டால்? ஏறி இறங்காவிட்டால்? ஸ்பானரைத் தூக்கி எறிந்துவிட்டால்? உலகத்தில் யாரும் செய்யாத முட்டாள்தனத்தை எல்லாம் நான் முன்கூட்டியே செய்து பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் எழுதி வைப்பேன். இங்கிலீஷில்தான் எழுதுவது, ஆனால் மனசுக்குள் இரண்டே தமிழ் வார்த்தைதான் ஓடும், ‘வேண்டும்’, ‘கூடாது’. ‘கூடாது’ என்பதைக் கணக்காகத்தான் போடுவேன், நிறையப் போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். ஆறு புள்ளி நான்கு என்று எண் போட்ட பத்தியில் ஒரு ‘கூடாது’ போட்டேன், எனக்கு மனப்பாடம். மின்னல், திரை முழுக்க, ஒரு நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் வெட்டக் கூடாது. ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே மின்னலை அணைத்து வைக்க வழி இருக்க வேண்டும். இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. எழுதிவிட்டுப் பொன்மலருக்கு ஃபோன் போட்டேன், அவள் தூத்துக்குடியில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், தினமும் ஒரு மாத்திரை. ஏட்டி, உன் பஸ்ஸை ஒரு விளையாட்டுக்குள்ள வச்சுட்டேன் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, சந்தோஷமாகச் சிரித்தாள். இதை எல்லாம் எழுதி வைத்தால் இவர்கள் என்ன செய்வார்கள்? “டாக் யாரு படிக்கறா காந்தி? பைண்ட் பண்ணி மாலை போட்டு வெச்சுக்கலாமா?” என்பான் ரிஷிகேஷ். மார்ச் மாதம் சிங்கப்பூரிலிருந்து பணம் போடுகிற இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள் என்றதும், நூற்று அறுபத்திரண்டை இருபத்து நாலாக்கு என்றான். ஆக்கினேன். ஒரு வருஷத்தை ஒரு வாரத்தில் வெட்டினேன், ஒவ்வொரு பக்கத்துக்கும் வயிறு எரிந்தது, தும்மல் போனது, பூட்ஸ் போனது. ஆனால் ஆறு புள்ளி நான்கு போகவில்லை. போயிருக்க முடியாது. அதை நான் தொட்டிருக்கவே மாட்டேன். போயிருந்தால் அவன் எடுத்திருப்பான், எனக்குத் தெரியாமல், அவனே உள்ளே போய்.

ஏன் அனுமானம் பண்ண வேண்டும், எல்லாம் பதிவாகித்தானே இருக்கிறது. யார் எந்த வரியை எப்போது போட்டார்கள், எப்போது எடுத்தார்கள், நிமிஷத்தோடு இருக்கும், ஆளுக்கு ஒரு நிறம், ரிஷிகேஷுக்கு ஆரஞ்சு, ஃபைசலுக்கு நீலம், எனக்குப் பச்சை. ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு பழைய பிரதிகளின் பட்டியலைத் திறக்கிறேன். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. வயிற்றில் ஒரு குரூரமான சந்தோஷம், பண்டிகைக்கு முந்தின நாள் மாதிரி. வரட்டும். ஆரஞ்சு வரட்டும். லேப்டாப்பைத் திருப்பி அவன் முகத்துக்கு நேராக வைக்கிறேன், பஞ்ச் இருக்கிறதா ரிஷி, ஃபீல் வருகிறதா? மார்ச் பத்து. பதினொன்று. பன்னிரண்டு, ஆறு புள்ளி நான்கு இருக்கிறது, முழுசாக, என் பிள்ளையைப் பார்த்தது போலிருக்கிறது. பதிமூன்று, இருக்கிறது. பதினான்கு, காலை, இருக்கிறது. பதினான்கு, மாலை நாலு ஐம்பத்திரண்டு. கோடு போட்டு அடித்திருக்கிறது. பச்சை. ஓரத்தில் அவனுடைய குறிப்பு ஒன்று, நாலு நாற்பத்தொன்பதுக்கு: “இது தேவையா? பாக்கறவங்கள பயமுறுத்தற மாதிரி இருக்கு. தூக்கிடலாம்.” கீழே என் பதில். “ஓகே. டன்.” பக்கத்தில் ஒரு கட்டைவிரல் பொம்மை. கட்டைவிரல் கூட வைத்திருக்கிறேன்.

மூன்று நிமிஷம். நாலு நாற்பத்தொன்பதுக்கும் நாலு ஐம்பத்திரண்டுக்கும் நடுவில் நான் என்ன செய்தேன்? சண்டை போட்டிருக்க வேண்டும், எழுந்து அவன் அறைக்குப் போயிருக்க வேண்டும், இல்லை, உட்கார்ந்து பல்லையாவது கடித்திருக்க வேண்டும். எதுவும் ஞாபகம் இல்லை. யாருக்கோ பிறந்தநாள், கேக் வெட்டினார்கள், க்ரீம் விரலில் ஒட்டியது, அது அன்றைக்கா? அன்றைக்கு நாற்பது குறிப்புக்கு ஓகே போட்டிருப்பேன், நாற்பதில் ஒன்று இது. கையே செய்திருக்கிறது. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று இருந்திருப்பேன். இல்லை, காரணம் தேடாதே, காரணம் தேடுகிற குரல் உனக்கு நன்றாகத் தெரியும், இப்போது எதிரே உட்கார்ந்து வருத்தமாகச் சிரிக்கிறதே அதே குரல்தான். அவன் சொன்னான், மேலே இருக்கிறவன் சொன்னான், நான் என்ன செய்ய. ஏன், பஸ்ஸில் சாவி கொடுத்த கண்டக்டருக்குத் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தெரியாது, இந்த ரிஷிகேஷுக்குக்கூடத் தெரியாது, நிஜமாகவே தெரியாது, அவனுக்கு அது பயமுறுத்துகிற ஒரு பத்தி, அவ்வளவுதான். இந்தக் கட்டடத்தில் அது என்ன என்று தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்தவள் கட்டைவிரல் வைத்தாள். கோபம் இப்போது போக இடம் இல்லாமல் நெஞ்சுக்குள் சுற்றுகிறது, அவன்மேல் பாய்கிறது, திரும்பி வந்து என்மேல் விழுகிறது, மறுபடி அவன்மேல். அழித்தும் விடலாம். யோசனை தானாகவே வருகிறது, படிப்படியாக, நான் எழுதுகிற பாணியிலேயே: டாக்குமென்டைப் புதுப் பிரதி எடு, பழையதை நீக்கு, குப்பைத் தொட்டியையும் காலி செய், பட்டியல் போய்விடும், பச்சையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை. அனுமதி என்னிடம்தான் இருக்கிறது. முப்பத்தாறு வயசு. இந்த ஊரில் விளையாட்டு செய்கிற ஆபீஸ் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் மோட்டார் பம்பும் மில்லும். ஃபைசல் போவான், ஒரு மாதத்தில் எல்லாரும் மறப்பார்கள், நான் மூலையில் உட்கார்ந்து இன்னொரு நூற்று அறுபது பக்கம் எழுதுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹெப்சிபா வீட்டுக்குப் போயிருந்தேன், போத்தனூர், ரயில்வே குவார்ட்டர்ஸ், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. நெற்றியில் நாலு தையல். “டாக்டர் கொஞ்ச நாளைக்கு ஸ்கூட்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாருக்கா. லைசென்ஸ் வாங்கி ரெண்டு வாரம்தான் ஆச்சு,” என்று தையலைவிட அதைத்தான் பெரிசாகச் சொன்னாள். அவள் அம்மா காபியை வைத்துவிட்டு நின்றபடியே பேசினாள். “சொன்னா கேட்டாத்தானே மேடம். எப்பப் பாத்தாலும் ஃபோனு. சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. இவ பண்ணிக்கிட்டதுதான் இது. எங்க வம்சத்துல யாருக்கும் இல்லாதது.” ஹெப்சிபா ஆப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா சுவரைப் பார்த்தபடி, “ஒருவேளை எங்க பெரியப்பா ஒருத்தருக்கு இருந்துச்சோ என்னமோ” என்றார், குற்றவாளி மாதிரி. நான் காபி குடித்தேன். நல்ல காபி என்று வேறு சொன்னேன். அந்த வீட்டுக்கு இப்போது ஒரு காகிதம் போகப்போகிறது, ஆவணத்தில் இல்லை, டெவலப்பரின் அனுமானம் என்று, அதை அந்த அம்மா என்னவென்று படிப்பாள்? விளையாட்டில் தப்பில்லை, யாரோ ஒரு பையன் சின்னதாகப் பிசகிவிட்டான், மற்றது எல்லாம் இவள் உடம்பு, இவள் ஃபோன், இவள் தூக்கம். பசி மயக்கம்.

“காந்தி? எழுதியாச்சா?” ரிஷிகேஷ் கேட்கிறார். “காந்திமதி” என்கிறேன். “என்ன?” “என் பேரு காந்திமதி. இன்னும் எழுதல.” தாமோதரன் சார் பக்கம் திரும்புகிறேன். “டாக்குமென்ட்ல இருந்துச்சு சார். ஆறு புள்ளி நாலு. ஒரு நொடிக்கு மூணுக்கு மேல கூடாதுன்னு நான் எழுதியிருந்தேன். மார்ச் பதினாலாம் தேதி அதைத் தூக்கிடலாம்னு ரிஷி சொன்னாரு. தூக்கினது நான்.” தாமோதரன் சார் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்புகிறேன், என் பச்சை, என் கட்டைவிரல், எல்லாம் தெரிகிற மாதிரி. ரிஷிகேஷ் எட்டிப் பார்க்கிறார், பார்த்ததும் முகத்தில் ஒரு ஆசுவாசம் வருகிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. “பாருங்க, நான் சஜஸ்ட்தான் பண்ணேன். கேள்விக்குறி இருக்கு. டெசிஷன் காந்தி எடுத்தது, அவங்களே ஓகே போட்டிருக்காங்க. இது எதுக்குங்கறது அவங்க சொல்லியிருக்கணும் இல்ல?” “அதுலயே எழுதியிருந்துச்சு ரிஷி. ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லன்னு எழுதியிருந்தேன். நீங்க படிக்கல. உங்க குறிப்புக்கும் என் பதிலுக்கும் நடுவுல நானும் படிக்கல. அப்புறம் ஃபைசல் மூணுன்னு சரியா வெச்சதை எட்டாக்கினது நீங்க.” ஃபைசல் தலையைத் தூக்கவில்லை. தாமோதரன் சார் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைக்கிறார். கெட்ட மனுஷர் இல்லை, தன் அண்ணன்மாரின் பம்ப் கம்பெனியை விட்டுவிட்டு விளையாட்டு செய்யப் போகிறேன் என்று வந்தவர். “சரிங்கம்மிணி. நடந்தது நடந்துபோச்சு. பேரெல்லாம் வேண்டாமுங்க. ‘குழுவின் கவனக்குறைவு’ன்னு ஒரு வரி போட்டு அனுப்பிடலாம். யாருக்கும் சேதாரமில்ல.” “அந்தப் பொண்ணுக்குச் சேதாரம் சார். அவ வீட்டுல அவளத்தான் திட்டிட்டிருக்காங்க.” “அதுக்குப் பேரு போட்டா மட்டும் சரியாகிடுமா?” “எப்படி நடந்துச்சுன்னு போட்டா சரியாகும். எப்படி நடந்துச்சுன்னு போட்டா பேரு வந்துடும் சார், நான் என்ன பண்ண.” எழுதுகிறேன். ஆறு வரி. வெளிச்சம் விட்டுவிட்டு வேகமாக அடித்தால் சிலருக்கு வலிப்பு வரும். இது எங்களுக்குத் தெரிந்திருந்தது. தடுக்கும் விதியை எழுதியவள் நான், ரிஷிகேஷ் எடுக்கச் சொன்னார், எடுத்ததும் நான். புரோகிராமர் சரியான அளவில் வைத்ததை ரிஷிகேஷ் கூட்டச் சொன்னார். உங்கள் மகள் சாப்பிடாததாலோ, தூங்காததாலோ, ஃபோன் பார்த்ததாலோதான் இது வந்தது என்று சொல்ல எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. எட்டு தடவை வெட்டிய மின்னலுக்கு இருக்கிறது. சத்தமாக வாசிக்கிறேன். “இப்படியே போனா,” என்கிறார் தாமோதரன் சார், நிறுத்துகிறார். “மூணாவது வரிய எடுத்துட்டு அனுப்புங்க.” “எடுக்க மாட்டேன் சார்.” இரண்டு முகவரிகளையும் போட்டு அனுப்பிவிடுகிறேன். ஒரு சின்ன சத்தம் வருகிறது, காகிதம் பறக்கிற மாதிரி.  ரிஷிகேஷ் எழுந்து ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறார். தாமோதரன் சார் மேஜையைப் பார்த்தபடி, “மத்தியானம் ரெண்டு பேரும் தனித்தனியா வந்து என்னைப் பாருங்க,” என்கிறார், யார் அந்த இரண்டு பேர் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

வராந்தாவில் ஃபைசல் தண்ணீர் கேன் பக்கத்தில் நிற்கிறான். அவனிடம் போனால் என்ன சொல்வான் என்று மூன்று நாளில் எத்தனை தடவை யோசித்திருப்பேன், தேங்க்ஸ் அக்கா என்பான், கண் கலங்குவான், பரவாயில்லைப்பா என்பேன், என்ன அல்பம். அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்க்கிறான். கண் கலங்கவில்லை. முகம் இறுகியிருக்கிறது. “அது டாக்ல இருந்துச்சுன்னு உங்களுக்கு வெள்ளிக்கிழமையே தெரியுமாக்கா?” “எழுதினது தெரியும். எடுத்தது இன்னைக்குத்தான் தெரியும்.” “அப்ப எழுதினதையாச்சும் சொல்லியிருக்கலாமில்ல? மூணு நாளா நான் ஒரு புள்ளயக் கொன்னுருப்பேனோன்னு தூங்காம கெடந்தேன். என் கொழந்தயத் தூக்கவே பயமா இருந்துச்சு. இந்தக் கையாலதானே எட்டு வெச்சேன்னு. மாடிப்படியில என்னப் பாத்தீங்கதானே? பாத்துட்டு எறங்கிப் போனீங்க.” பார்க்கவில்லை என்று சொல்லலாம். இருட்டாக இருந்தது என்று சொல்லலாம், இருட்டாகத்தான் இருந்தது. எனக்கு அவன்மேல்கூட ஒரு நொடி கோபம் வருகிறது, உனக்காகத்தானே இப்போது என் வேலையைப் பணயம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று, அது வந்த வேகத்திலேயே வெட்கமாகி விடுகிறது. “பாத்தேன் ஃபைசல்.” “அப்புறம் ஏன்?” “திறந்து பாத்தா ரிஷி எடுத்ததா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருந்தேன். நானா இருந்துடுமோன்னு பயந்துதான் திறக்கல.” அவன் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, சொல்லவில்லை என்பது எனக்கு ஏனோ மரியாதையாகப் பட்டது. பிறகு தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, பின்பக்கம் திரும்பாமலே, “சொல்லுங்க. மின்னலுக்கு என்ன போடணும், ஆரம்பத்துல அணைக்கறதுக்கு எங்க வைக்கணும், எல்லாம் வாயால சொல்லுங்க. டாக்கு அப்புறம் எழுதிக்கலாம்,” என்கிறான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்கிறேன்.